லிஃப்ட் ரோசாக்கா?

கிளினிக்கில் கடைசிப் பல்லின் ரத்தத்தைக்
கழுவிவிட்டு வந்து
வெள்ளி இரவு ஒன்பது ஐம்பதுக்குத் தொடங்கினேன்.
மரீன் பரேட். இருபத்தைந்து மாடி.
தரைக்கும் உச்சிக்கும் அறுபத்தைந்து மீட்டர்.
எனக்கு வேண்டியது ஒன்பதாயிரம்.
வகுத்தால் நூற்று முப்பத்தொன்பது முறை.
வகுத்தல் சுலபம்.

இந்தத் தீவில் மலைகள் ரயில் வரைபடத்தில் இருக்கின்றன.
புக்கிட் பாத்தோக், புக்கிட் கோம்பாக், புக்கிட் பாஞ்சாங்:
ஏறி உட்காருமுன் இறங்கச் சொல்லும் மலைகள்.
நிஜமாகவே ஒன்று உண்டு, புக்கிட் தீமா.
மாலை ஏழுக்குப் பூட்டிவிடுவார்கள்.
மலையைப் பூட்டி வைக்கும் ஊரில்
இரவெல்லாம் ஏற நினைப்பவளுக்குப்
படிக்கட்டுதான்.

ஒன்பதாம் மாடியில் பெலாச்சான் வறுபடுகிறது.
பன்னிரண்டில் மூன்று சக்கர சைக்கிள், ஒரு சக்கரம் இல்லாமல்.
பதினேழில் சியூ லெங் குப்பைப் பையோடு நிற்கிறாள்:
"லிஃப்ட் ரோசாக்கா?"
இல்லை, சும்மா.
சாப்பாடு கொண்டுவந்த பையன் நம்பவில்லை,
பொத்தானை அழுத்திப் பார்த்து,
கதவு திறந்ததும்
என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

கீழே ஜெசிந்தா
சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையில்
சுற்றுக்கு ஒரு பாட்டில் மூடி வைக்கிறாள்.
"பைத்தியம்" என்று சொல்லிக்கொண்டே
பார்லி தண்ணீரை நீட்டுகிறாள்.

போன ஆண்டு லொம்போக்கில்
அறுபத்தோராம் கிலோமீட்டரில் உட்கார்ந்துவிட்டேன்.
ஏற்றத்தில் இல்லை.
இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும் எரிமலைச் சாம்பலை
வாந்தியோடு வாந்தியாக ஏறி முடித்திருந்தேன்.
இறக்கத்தில்தான்
முழங்கால் கீல் கழன்ற கதவானது.
மூங்கில் கம்பின் இரு முனையிலும் கூடை தொங்க
ரப்பர் செருப்பில் ஒருவர் என்னைத் தாண்டிப் போனார்.
நின்றார். திரும்பி ஏறி வந்து
பாறைமேல் ஒரு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார்.
இது உங்களுக்கு எத்தனையாவது முறை என்று
கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

ஆறு மாதம் இதே படியில் பழகிப் போனவள்தான்.
ஏறுவேன், லிஃப்டில் இறங்குவேன்.
மூச்சை நான் பார்த்துக்கொண்டேன்,
இறக்கத்தை இயந்திரத்திடம் விட்டிருந்தேன்.
இம்முறை லிஃப்ட் கிடையாது.
இறங்கும் ஒவ்வொரு படியிலும்
தொடையின் உள்ளே யாரோ ஈரத்துணி பிழிகிறார்கள்.

மூன்றரை மணி. உச்சிச் சுவரில் சாய்கிறேன்.
விளக்கேற்றி நிற்கும் கப்பல்கள்.
இந்தக் கட்டடம் நிற்கும் இடமும் கடலாகத்தான் இருந்தது.
பிடோக் பக்கத்துக் குன்றுகளை வெட்டி
ஓடும் பட்டையில் அனுப்பிக் கொட்டினார்களாம்.
அப்படியென்றால் இது
படுத்துவிட்ட மலையின் முதுகில் நிறுத்திய ஏணி.
மலையே இல்லாத ஊர் என்று
விமானச்சீட்டு எடுக்கும்போதெல்லாம் புலம்புகிறேன்.
பத்தொன்பது வருஷமாக அதன் மேல்தான்
துணி காயப்போடுகிறேன்.

இதை நினைத்துக் கால் வலி குறையவில்லை.
ஐந்து மணிக்கு அழுதேன், எட்டாம் மாடியில்,
பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு செருப்பு வழியில் கிடந்தது.

காலை ஒன்பதுக்கு
ஐம்பத்திரண்டாவது ஏற்றம்.
மூன்றாம் மாடித் திருப்பத்தில் சியூ லெங்,
சந்தைப் பைகள் இரண்டு, சுவரில் ஒரு கை.
"லிஃப்ட் ரோசாக்" என்றாள்.
இப்போது கேள்வி இல்லை அதில்.

வவ்வால் மீன் ஒரு பை, கங்கோங்கும் முட்டையும் ஒரு பை.
வாங்கிக்கொண்டேன்.
மாடிக்கு ஒருமுறை நின்றோம்.
என் வேகம் எனக்குத் தெரியவில்லை,
கடிகாரம் பை வாருக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.
முட்டை உடையக்கூடாது, அவ்வளவுதான்.

பதினேழில் கதவைத் திறந்தபடி
"நீ வீட்டுக்கா?" என்றாள்.
இல்லை, இன்னும் எட்டு மாடி.
அப்புறம் இறங்கணும்.

திரும்பினேன்.
திடீரென்று காலியான இரண்டு கைகளும்
கைப்பிடிக் கம்பியைத் தேடின.